48 மணி நேரக் கணக்கும் 35 வயதுக் கணக்கும்: ஆஸ்திரேலியாவில் படிக்கும்போதும் படித்த பிறகும் வேலை

கேள்வியைச் சுருக்கி முதலில் வைத்துவிடுகிறேன். "திருச்சியில் ஐ.டி. வேலை. 2026 அக்டோபரில் எனக்கு 34 வயது நிறைகிறது. மெல்பர்னில் 2 ஆண்டு டேட்டா சயின்ஸ் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. 2027 பிப்ரவரி சேர்க்கை, கட்டணம் ஆண்டுக்கு 42,000 ஆஸ்திரேலிய டாலர். மனைவி பி.காம்., 29 வயது, அக்கவுண்ட்ஸ் வேலையில் இருக்கிறார். அவரும் 3 வயதுக் குழந்தையும் உடன் வருகிறார்கள். பார்ட் டைம் வேலையிலேயே வாடகையும் கட்டணமும் ஓடிவிடும், படிப்பு முடிந்ததும் 3 வருடம் வேலை விசா, அப்புறம் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) தானாக வந்துவிடும் என்கிறார் கன்சல்டன்சிக்காரர். எவ்வளவு உண்மை? மனைவி முழு நேரம் வேலை பார்க்கலாமா?"

கட்டணம் கட்டிவிட்டீர்களா? கட்டவில்லை என்றால் இதைப் படித்து முடிக்கும்வரை கட்டாதீர்கள். உங்கள் கேள்வியில் இருக்கும் பெரிய ஆபத்து வாடகையிலும் இல்லை, கட்டணத்திலும் இல்லை. அது உங்கள் பிறந்த மாதத்தில் இருக்கிறது.

படிப்பு முடித்தவர்களுக்கான வேலை விசாவின் எண் 485. 2024 ஜூன் 30 வரை அதற்கு 50 வயது வரம்பு இருந்தது. ஜூலை 1 முதல் அதை 35 ஆக்கிவிட்டார்கள். ஆராய்ச்சி முதுநிலை, பிஎச்.டி. முடித்தவர்களுக்குப் பழைய 50 தொடர்கிறது. வகுப்புகளுக்குப் போய்ப் படிக்கும் சாதாரண முதுநிலைப் படிப்புக்கு 35தான். இந்த வயதைப் படிப்பில் சேரும் நாளில் பார்ப்பதில்லை, 485க்கு விண்ணப்பிக்கும் நாளில் பார்க்கிறார்கள். 36 பிறந்துவிட்டால் கதவு மூடிவிடும்.

விரல் விட்டு எண்ணுங்கள். 2027 பிப்ரவரியில் சேர்ந்தால் 2028 நவம்பரில் கடைசித் தேர்வு, டிசம்பர் வாக்கில் முடிவு வரும். முடிவு வந்து படிப்பு முடிந்ததாகப் பல்கலைக்கழகம் எழுதிக் கொடுத்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். ஆனால் 2028 அக்டோபரிலேயே உங்களுக்கு 36 ஆகிவிடுகிறது. இரண்டு மாத இடைவெளியில் மூன்று வருட விசா கையை விட்டுப் போகிறது. இதை உங்கள் கன்சல்டன்சிக்காரர் சொல்லாமல் விட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பெரும்பாலும் அவர்களுக்குக் கமிஷன் தருவது கல்லூரி. நீங்கள் சேர்ந்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. 2028ல் உங்களுக்கு என்ன ஆகும் என்பது அவர் கணக்கில் வராது.

தப்பிக்க வழி இருக்கிறதா? மூன்று வழி தெரிகிறது. அதே படிப்பில் 2026 ஜூலை சேர்க்கைக்கு இடம் மாற்ற முடிந்தால் 2028 ஜூலையில் முடித்து, 35 வயதிலேயே விண்ணப்பித்துவிடலாம். அது நெருங்கிய காலம், விசா வந்து சேர வேண்டும். இரண்டாவது, பிப்ரவரியில் சேர்ந்து கோடைப் பருவத்திலும் பாடம் எடுத்து ஒன்றரை ஆண்டில் முடிப்பது. 485 விசாவுக்குப் படிப்பு குறைந்தது 92 வாரப் படிப்பாகப் பதிவாகியிருக்க வேண்டும், குறைந்தது 16 மாதமாவது ஆஸ்திரேலியாவில் இருந்து படித்திருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் வேகமாக முடிப்பது குற்றமில்லை. ஆனால் எல்லாப் பல்கலைக்கழகமும் அனுமதிப்பதில்லை, ஒரு பாடம் போனால் மொத்தக் கணக்கும் போகும்.

மூன்றாவது வழியைத்தான் நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் யோசிப்பேன். மாணவராக உங்கள் மனைவி போகட்டும், நீங்கள் துணையாகப் போங்கள். வயது வரம்பு முதன்மை விண்ணப்பதாரருக்குத்தான், கூட வருபவருக்கு இல்லை. அவர் கணக்கியல் முதுநிலை படித்து 31 வயதில் முடிப்பார், 485 எடுப்பார். நீங்கள் அந்த விசாவிலும் துணையாக, முழு வேலை உரிமையோடு தொடர்வீர்கள். பி.காம்., அக்கவுண்ட்ஸ் அனுபவம், அதற்கு மேல் கணக்கியல் முதுநிலை என்பது விசா அதிகாரிக்கும் புரியும் கோடு. 2024 மார்ச் முதல் உண்மையான மாணவரா என்று தனிக் கேள்விகள் வைத்துப் பார்க்கிறார்கள். அவருக்கே படிக்க விருப்பம் இல்லாமல் பெயருக்கு உட்காரவைத்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதனால் முடிவு அவருடையதாக இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கும் இங்கேயே பதில் வந்துவிடுகிறது. முதுநிலை அல்லது பிஎச்.டி. படிப்பவரின் கணவனோ மனைவியோ எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் வேலை செய்யலாம். இளநிலையோ டிப்ளமோவோ என்றால் அவருக்கும் மாணவரைப் போலவே வரம்பு உண்டு. ஒரே நிபந்தனை, மாணவரின் படிப்பு தொடங்கிய பிறகுதான் துணையும் வேலையைத் தொடங்க வேண்டும். இரண்டு வாரம் முன்னால் வந்து இறங்கிவிட்டு, சும்மா இருக்கிறோமே என்று வேலைக்குப் போகக் கூடாது. ஐ.டி. அனுபவம் உள்ள நீங்கள் முதல் நாளிலிருந்து முழு நேர வேலை தேடலாம் என்பதும், கணக்கு தெரிந்த அவர் படிக்கலாம் என்பதும் குடும்பத்துக்குக் கைகொடுக்கும் ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது. ஆனால் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. குழந்தைகள் காப்பகத்துக்கு அரசு தரும் மானியம் மாணவர் விசாக் குடும்பங்களுக்குக் கிடையாது. ஒரு நாளைக்கு 150 டாலரை ஒட்டிப் போகும் செலவு அது. பாட்டியோ அம்மாவோ சில மாதம் வந்து இருக்க முடியுமா என்று இப்போதே பேசிவையுங்கள்.

485 எத்தனை வருடம் என்பது பாஸ்போர்ட்டைப் பொறுத்தது, பலருக்கு இது தெரியாது. இளநிலைக்கும் வகுப்பு வழி முதுநிலைக்கும் பொதுவாக 2 வருடம், ஆராய்ச்சி முதுநிலைக்கும் பிஎச்.டி.க்கும் 3 வருடம். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு முதுநிலைக்கு 3, பிஎச்.டி.க்கு 4 வருடம். ஆக திருச்சிக்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் ஒரே வகுப்பில் ஒரே பட்டம் வாங்கினால் ஒருவருக்கு மூன்று, மற்றவருக்கு இரண்டு. என் நண்பர்கள் வட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு இலங்கை நண்பர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, நான்தான் ஒப்பந்தம் போட்டதுபோல. 2023ல் படிப்பு முடித்த உங்கள் சொந்தக்காரர் 5 வருடம் கிடைத்தது என்று சொன்னால் அதுவும் பொய் இல்லை. குறிப்பிட்ட படிப்புகளுக்கு ஓராண்டு காலம் மட்டும் இருந்த சலுகை அது. 2024 ஜூலையோடு போய்விட்டது.

485ல் மணிக்கணக்கு வரம்பு இல்லை, முதலாளி கட்டுப்பாடு இல்லை, படித்த துறையில்தான் வேலை செய்ய வேண்டும் என்றும் இல்லை. விண்ணப்பம் மட்டும் பதற்றமில்லாமல் செய்ய வேண்டியது. படிப்பு முடிந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 6.5, எந்தப் பிரிவிலும் 5.5க்குக் குறையாமல் வேண்டும், அதுவும் கடைசி ஓராண்டுக்குள் எழுதியதாக. சேர்க்கைக்கு எழுதிய பழைய மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் கடைசி மாதத்தில் தேர்வு மையத்தைத் தேடி ஓடுவதை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். மாணவர் மருத்துவக் காப்பீடும் இதற்குச் செல்லாது, வேறு காப்பீடு எடுத்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும். சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் தவிர்த்து அடிலெய்டு, பெர்த், ஜீலாங் போன்ற ஊர்களில் படித்து, முதல் 485 காலத்திலும் அப்படிப்பட்ட ஊரிலேயே வாழ்ந்தால் இரண்டாவது முறையாக ஓரிரு ஆண்டு நீட்டிப்பு கிடைக்கும். மெல்பர்னில்தான் படிப்பேன் என்பவருக்கு அது இல்லை. மெல்பர்னிலிருந்து ஜீலாங் ஒரு மணி நேர ரயில் பயணம், விசாக் கணக்கில் வேறு உலகம்.

பி.ஆர். தானாக வருவது என்ற ஒன்று கிடையாது. 485 முடிந்ததும் ஒரு முதலாளி ஸ்பான்சர் செய்ய வேண்டும், அல்லது வயது, படிப்பு, அனுபவம் போன்றவற்றுக்குத் தரும் புள்ளிக் கணக்கில் அரசிடமிருந்து அழைப்பு வர வேண்டும். ஸ்பான்சர் செய்யும் 482 விசாவுக்கு அந்தத் தொழிலில் ஓராண்டு முழு நேர அனுபவம் வேண்டும், சம்பளம் அரசு வைத்திருக்கும் அடிமட்டத்துக்குக் குறையக் கூடாது. 2025 ஜூலை 1ல் அந்த அடிமட்டம் ஆண்டுக்கு 76,515 டாலர் ஆனது. மூன்று வருடமும் மளிகைக் கடையில் மேனேஜர் ஆகிவிட்டேன் என்று இருந்தால் அந்த அனுபவம் இதற்கு உதவாது. முன்பெல்லாம் 485 தீர்ந்ததும் ஏதோ ஒரு டிப்ளமோவில் சேர்ந்து திரும்ப மாணவர் விசா வாங்கி நாட்களை ஓட்டுவார்கள். 2024 ஜூலை 1லிருந்து 485ல் இருப்பவர் ஆஸ்திரேலியாவுக்குள் இருந்தபடி மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. அந்தச் சந்தை அப்படியே சரிந்துவிட்டது.

இனி படிக்கும்போது.

மாணவர் விசாவின் எண் 500. படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம், விடுமுறையில் வரம்பில்லை. நான் வந்த காலத்தில் இது 40. 2022 ஜனவரியில் ஆள் பற்றாக்குறையில் வரம்பையே எடுத்துவிட்டார்கள். 2023 ஜூலை 1ல் 48 என்று திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆராய்ச்சி முதுநிலையும் பிஎச்.டி.யும் படிப்பவர்களுக்குப் படிப்பு தொடங்கியதும் வரம்பே இல்லை. எல்லோரும் இதை "வாரம் 24 மணி நேரம்" என்று சொல்லித் திரிகிறார்கள். அங்கேதான் தப்பு தொடங்குகிறது.

சட்டம் சொல்லும் இரண்டு வாரம் என்பது ஏதாவது ஒரு திங்கட்கிழமையில் தொடங்கும் 14 நாள். எந்தத் திங்கட்கிழமையாகவும் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு வாரமும் முந்தைய வாரத்தோடு ஒரு முறை, அடுத்த வாரத்தோடு ஒரு முறை என்று இரண்டு தடவை கூட்டப்படும். நான்கு வாரம் இப்படி வேலை செய்கிறீர்கள் என்று வையுங்கள்: முதல் வாரம் 18, இரண்டாம் வாரம் 30, மூன்றாம் வாரம் 20, நான்காம் வாரம் 12. உங்கள் கடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம். முதல் பே ஸ்லிப்பில் 48, இரண்டாவதில் 32. இரண்டும் சுத்தம். ஆனால் இரண்டாம் வாரத்தையும் மூன்றாம் வாரத்தையும் சேர்த்துப் பாருங்கள், 50 வருகிறது. விதியை மீறிவிட்டீர்கள். முதலாளி ஏமாற்றவில்லை, நீங்களும் ஏமாற்றவில்லை, கூட்டல்தான் ஏமாற்றிவிட்டது.

இது எனக்குத் தெரிவதற்குக் காரணம், இப்போது ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் இதே கூட்டலைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் இடத்தில் மாணவர்களின் ரோஸ்டரை, அதாவது வேலை நேரப் பட்டியலை, வாரத்துக்கு 24க்குள் நிறுத்திவிடுகிறோம், அது பாதுகாப்பு. நீங்கள் இரண்டு இடத்தில் வேலை செய்தால் எந்த முதலாளிக்கும் மொத்தக் கணக்கு தெரியாது, நீங்கள்தான் கூட்ட வேண்டும். உணவு டெலிவரி ஓட்டுவதும் இந்த 48க்குள் அடக்கம். செயலியில் ஓட்டுவது வேலையில்லை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சம்பளம் இல்லாத வேலை என்றாலும், வழக்கமாகச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையாக இருந்தால் அதுவும் கணக்கில் சேரும். படிப்பின் பகுதியாகக் கட்டாயமாகப் பதிவாகியிருக்கும் பயிற்சி மட்டும் சேராது.

விடுமுறை என்பதிலும் இரண்டு குழி உண்டு. கோடையில் ஒரு பாடம் எடுத்து அது உங்கள் பட்டத்துக்குச் சேர்கிறது என்றால் உங்களுக்கு அது விடுமுறை இல்லை. வேகமாக முடிக்கிறேன் என்று மேலே சொன்ன இரண்டாவது வழியில் போகிறவர்கள் கோடைச் சம்பாத்தியத்தை மறந்துவிட வேண்டியதுதான். இன்னொன்று, கடைசித் தேர்வு எழுதி முடித்த மறுநாளே முழு நேர வேலைக்குப் போகலாம் என்று நினைப்பது. உங்கள் சேர்க்கைச் சான்றான சி.ஓ.இ.யில் போட்டிருக்கும் முடிவுத் தேதி வரை படிப்பு நடப்பதாகவே கணக்கு. அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு ஷிஃப்ட் வாங்குங்கள்.

வருமானம். குறைந்தபட்சக் கூலி ஒவ்வொரு ஜூலையிலும் மாறும். 2025 ஜூலை 1ல் அது மணிக்கு 24.95 டாலர் ஆனது. கேஷுவல் வேலைக்கு லீவும் பிற சலுகைகளும் இல்லாததால் 25 சதவீதம் கூடுதல், ஆக 31.19 வருகிறது. கடை, உணவகம், கிடங்கு என்று துறைவாரியாக அவார்டு என்ற விதிப் பட்டியல் உண்டு, அதில் பெரும்பாலும் இதைவிடச் சற்றுக் கூடும், சனி ஞாயிறு இன்னும் கூடும். இந்த 31.19ஐ வைத்தே நல்ல கணக்கு ஒன்று போடுவோம். படிப்பு நடக்கும் 40 வாரம், ஒரு ஷிஃப்ட்கூட விடாமல் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்: சுமார் 29,900 டாலர். மீதி 12 வாரம் வாரத்துக்கு 38 மணி நேரம்: சுமார் 14,200. கூட்டினால் 44,100. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பில் இருப்பவரை வரித்துறை வழக்கமாக உள்ளூர்வாசியாகவே எடுத்துக்கொள்ளும், முதல் 18,200 டாலருக்கு வரியில்லை, அதற்கு மேல் 45,000 வரை 2025-26 நிதியாண்டில் 16 சதவீதம். கையில் 40,000 நிற்கும். மெடிகேர் என்ற அரசு மருத்துவத் திட்டத்துக்கான வரி 2 சதவீதத்துக்கு மாணவர்கள் விலக்குக் கேட்கலாம், அதற்கென்று ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். கேட்காமல் விட்டால் யாரும் தேடி வந்து தரமாட்டார்கள்.

இப்போது மறுபக்கம். விசாவுக்காக நீங்கள் காட்ட வேண்டிய ஓராண்டு வாழ்க்கைச் செலவு, மாணவருக்கு 29,710, துணைக்கு 10,394, குழந்தைக்கு 4,449. கூட்டினால் 44,553. கட்டணமும் பயணச் செலவும் இதற்கு வெளியே. அதாவது எந்த ஷிஃப்டும் ரத்தாகாத, காய்ச்சலே வராத, முதல் நாளே வேலை கிடைத்த ஒரு மாணவர் சம்பாதிப்பது அரசே மதிப்பிட்ட சாப்பாட்டுக்கும் வாடகைக்கும்கூட எட்டவில்லை. மெல்பர்னில் வாரத்துக்கு 500 டாலருக்குள் இரண்டு படுக்கையறை வீடு கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள். உங்கள் 42,000 கட்டணத்துக்கு இந்தக் கணக்கில் ஒரு டாலர்கூட மிச்சமில்லை. நிஜத்தில் முதல் இரண்டு மூன்று மாதம் வேலை தேடுவதில் போகும், கேஷுவல் ஷிஃப்ட் திடீரென்று பாதியாகும், கோடையில் ஊரிலுள்ள எல்லா மாணவர்களும் முழு நேர வேலை தேடுவார்கள். நான் யாருக்குச் சொன்னாலும் மேலே வந்த தொகையில் பாதியை எழுதிக்கொள்ளச் சொல்வேன். கட்டணத்துக்குக் கடனோ சேமிப்போ இங்கிருந்தே ஏற்பாடாகியிருக்க வேண்டும். துணை முழு நேர வேலையில் இருப்பது மட்டும்தான் இந்தக் கணக்கை மாற்றக்கூடியது.

சம்பளத்துக்கு மேல் 12 சதவீதம் சூப்பர் என்ற ஓய்வுக்கால நிதியில் முதலாளி போட வேண்டும். மாதம் எவ்வளவு சம்பாதித்தாலும் உண்டு, மாணவருக்கும் உண்டு. நாட்டை விட்டு நிரந்தரமாகக் கிளம்பி, விசாவும் முடிந்த பிறகு அதைக் கேட்டு வாங்கலாம், 35 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு தருவார்கள். பலர் ஊருக்குப் போய் இதை மறந்தே போகிறார்கள்.

வந்ததும் செய்ய வேண்டியது டி.எஃப்.என். என்ற வரி எண் வாங்குவது, இணையத்தில் இலவசம். வேலை தருகிறேன் என்பவர் "ஏ.பி.என். எடுத்துட்டு வா" என்றால் நின்று யோசியுங்கள். அது தொழில் நடத்துபவருக்கான எண். டெலிவரி ஓட்டுகிறவருக்குத் தேவைப்படும். ஆனால் ஒரு உணவகத்தில், அவர்கள் சொன்ன நேரத்தில், அவர்கள் பாத்திரத்தை, அவர்கள் சோப்பில் கழுவுகிறவர் தொழிலதிபர் ஆக முடியாது. உங்களை அப்படி எழுதிக்கொண்டால் குறைந்தபட்சக் கூலி, சூப்பர், விபத்துக் காப்பீடு எல்லாவற்றிலிருந்தும் அவர் கழன்றுகொள்ளப் பார்க்கிறார் என்று பொருள். சட்டப்படி அது மோசடி. அதேபோல "ஒரு வாரம் ட்ரையல், சம்பளம் கிடையாது" என்பதும். வேலை தெரியுமா என்று சோதிக்கத் தேவையான கொஞ்ச நேரத்துக்கு மேல் போனால் அது வேலை, கூலி கொடுத்தே ஆக வேண்டும். சம்பளம் போட்ட ஒரு வேலை நாளுக்குள் பே ஸ்லிப் கைக்கு வர வேண்டும். கையில் காசாகச் சம்பளம் தருவது குற்றமில்லை, பே ஸ்லிப்பும் வரியும் இல்லாமல் தருவதுதான் குற்றம்.

இத்தனை சட்டம் இருந்தும் ஏன் ஏமாறுகிறார்கள் என்று கேட்பீர்கள். இந்தப் பதிலில் நான் சொல்ல வந்ததே அதுதான். மணி நேர வரம்பு மாணவருக்கான விதி, ஆனால் அது முதலாளி கையில் சாட்டையாகிவிடுகிறது. 2015ல் 7-லெவன் என்ற சங்கிலிக் கடைகளின் விவகாரம் வெளியே வந்தபோது ஆஸ்திரேலியாவே அதிர்ந்தது. மாணவர்களை இரட்டிப்பு நேரம் வேலை வாங்கிவிட்டு, ஏட்டில் பாதி நேரம் மட்டும் எழுதினார்கள். பார்த்தால் கூலி சரியாக இருக்கும், பிரித்தால் மணிக்குப் பாதிதான் வரும். யாராவது வாயைத் திறந்தால் "நீ வரம்பை மீறியவன், சொல்லட்டுமா?" என்பதுதான் பதில். வேறு சில கடைகளில் வங்கியில் முழுச் சம்பளம் போட்டுவிட்டு, பாதியைக் காசாகத் திருப்பி வாங்கினார்கள். கடைசியில் தலைமை நிறுவனம் 17 கோடி டாலருக்கு மேல் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது.

அதன் பிறகுதான் சட்டம் மெல்ல மெல்லத் திரும்பியது. விசா எந்த நிலையில் இருந்தாலும் வேலைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்பதை 2023ல் சட்டத்திலேயே தெளிவாக எழுதினார்கள். 2024 ஜூலை 1 முதல், விசா நிபந்தனையை மீறும்படி ஒருவரை நெருக்குவதும், விசாவைக் காட்டி மிரட்டிச் சுரண்டுவதும் முதலாளியின் குற்றம். அதே மாதம், சுரண்டப்பட்டவர் புகார் செய்தால் வரம்பை மீறியதற்காக அவருடைய விசாவை ரத்து செய்யாமல் காக்கும் ஏற்பாடும், விசா முடியும் தறுவாயில் இருப்பவர் நின்று வழக்கை நடத்தத் தனியாக ஒரு தற்காலிக விசாவும் வந்தன. 2025 ஜனவரி 1 முதல் வேண்டுமென்றே கூலியைக் குறைத்துக் கொடுப்பது கிரிமினல் குற்றம். பாதுகாப்பு கண்ணை மூடிக்கொண்டு கிடைப்பதில்லை, அரசு அமைப்போ அங்கீகரிக்கப்பட்ட சங்கமோ சட்ட மையமோ உங்கள் வழக்கு உண்மையானது என்று சான்று தர வேண்டும், இனி வரம்பை மீறமாட்டேன் என்று நீங்களும் சொல்ல வேண்டும். முதலாளியால் உங்கள் விசாவை ரத்து செய்ய முடியாது. அந்த அதிகாரம் குடிவரவுத் துறைக்கு மட்டும்தான், அவர்களும் நோட்டீஸ் அனுப்பி உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே முடிவெடுப்பார்கள்.

அதற்காக வரம்பை மீறலாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு சம்பள நாளிலும் உங்கள் சம்பள விவரம் வரித்துறைக்குத் தானாகப் போகிறது, வரித்துறையும் குடிவரவுத் துறையும் தகவல்களை ஒப்பிட்டுப் பார்க்கின்றன. கையில் காசாக வாங்கினால் தெரியாது என்பதும் ஒரு நாள் யாராவது சொல்லும்வரைதான்.

கூலி பாக்கி இருந்தால், வேலைச் சட்டத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம், பெயர் சொல்லாமல் இணையத்தில் எழுதிப் போடவும் வழி உண்டு. தொலைபேசியில் பேச 13 14 50 என்ற மொழிபெயர்ப்புச் சேவை எண்ணை அழைத்துத் தமிழ் என்று சொன்னால் இணைத்துவிடுவார்கள். 1,00,000 டாலர் வரையிலான பாக்கிக்கு வக்கீல் இல்லாமலே எளிய நீதிமன்ற முறை இருக்கிறது. வேலை செய்த நாளிலிருந்து 6 வருடத்துக்குள் கேட்க வேண்டும். விசா சம்பந்தமாக உங்கள் குறிப்பிட்ட நிலைக்கு ஆலோசனை தேவைப்பட்டால் பதிவு பெற்ற குடிவரவு ஏஜெண்டிடம் மட்டும் போங்கள். அவருக்கு ஏழு இலக்கப் பதிவு எண் இருக்கும், அரசின் இணையப் பட்டியலில் சரிபார்க்கலாம். என்னிடம் அந்த எண் இல்லை, நான் சம்பளப் பட்டுவாடா ஆள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நானும் ஒரு மளிகைக் கடையில் இருந்தவன்தான். 2014ல், நம் ஊர்க்காரர் ஒருவர் நடத்திய கடை. வாரம் 28 மணி நேரம், மணிக்கு 12 டாலர், காசாக. அப்போது குறைந்தபட்சக் கூலி 16.87, கேஷுவலுக்கு 21க்கு மேல். ஒரு நாள் மெதுவாகக் கேட்டேன். "தம்பி, நீ செய்யறதே ரெண்டு வாரத்துக்கு 40க்கு மேல. நான் போன் போட்டா உன் விசாதான் போகும்" என்றார். அன்போடுதான் சொன்னார், மதியச் சாப்பாடும் அவர்தான் போட்டார். 14 மாதம் இருந்தேன். போன வருடம் வீடு மாற்றும்போது பழைய டைரி கிடைத்தது. ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குப் போனேன், எத்தனை மணிக்கு வந்தேன் என்று பென்சிலில் எழுதிவைத்திருந்திருக்கிறேன். உட்கார்ந்து கூட்டினேன், 15,000 டாலரைத் தாண்டியது. ஆறு வருடக் கெடு முடிந்து அதற்குள் எத்தனையோ காலம் ஆகியிருந்தது.